‘3000 எம்ஏஹெச்’ கேமரா பேட்டரி: நீண்ட பயணம் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

பல நாட்கள் சார்ஜ் போட வழியே இல்லாத இடத்துக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு. லேபிளில் பெரிய எழுத்தில் 2800, 3000 எம்ஏஹெச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) என்று போட்டு, ஒரிஜினல் விலையில் கால்வாசிக்கு விற்கிறார்களே, அந்தக் கூடுதல் பேட்டரிகளை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். மலைப்பயணம் பாதி முடியுமுன்பே கேமரா வெறும் சுமையாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்தது அதைவிட மோசம். இன்னொருவர் இப்படி ஏமாறக்கூடாது என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது சோனி ஏ7 த்ரீ. அதற்கான ஒரிஜினல் பேட்டரி என்பி-எஃப்இசட்100: 7.2 வோல்ட், 2280 எம்ஏஹெச், 16.4 வாட்-ஹவர். கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிபாவின் தரமுறைப்படி சோதித்தால் ஒரு சார்ஜில் ஸ்கிரீன் பார்த்து எடுத்தால் 710 படம், வியூஃபைண்டரில் எடுத்தால் 610 படம் என்று நிறுவனம் சொல்கிறது. பயணப் பாதையில் மின்சாரம் கிடையாது, இரவில் தண்ணீர் உறைந்துவிடும். அதனால் கையிலிருந்த ஒரிஜினலோடு கூடுதலாக ஒரு செட் வேண்டியிருந்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளர், ‘3000 எம்ஏஹெச், ஏ கிரேடு செல், ஒரிஜினலைவிட அதிக நேரம்’ என்று போட்டிருந்தார். நட்சத்திரங்கள் நிறைய, விமர்சனங்களும் நிறைய. இருந்தும், குளிரில் தாங்குமா என்று தனியாகவே கேட்டேன். “கண்டிப்பா சார், மைனஸ் 20 வரைக்கும் ஒரு பிரச்சினையும் வராது” என்று பதில் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பேட்டரிகள் வந்தன. பளபளப்பான பெட்டி, நேர்த்தியான அச்சு. சார்ஜரில் போட்டால் ஏறின, கேமராவில் போட்டால் 100 சதவீதம் காட்டின.

மலையில் ஒரு விடியற்காலை. சிகரத்தின் உச்சியில் முதல் வெயில் விழுந்து நிறம் மாறத் தொடங்கிய நேரம். புது பேட்டரியைப் போட்டேன், 100. சில படங்கள் எடுப்பதற்குள் 71. அடுத்து பார்த்தபோது 38. அப்புறம் ஸ்கிரீன் கறுத்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு. கழற்றி உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து மறுபடி போட்டேன். 52 என்று காட்டியது. ஷட்டரை அழுத்திய நொடியில் மறுபடி அணைந்தது. அடுத்த பேட்டரியும் அப்படியே. மூன்றாவதாகப் போட்டது ஒரிஜினல். அதே பையில், அதே குளிரில் கிடந்தது, சத்தமில்லாமல் வேலை செய்தது. ஆனால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளிச்சம் போய்விட்டது. மிச்சப் பயணம் முழுக்க அந்த ஒரே பேட்டரியை வைத்துக்கொண்டு, எடுக்க வேண்டிய படத்தையெல்லாம் எடுக்காமல் நடந்தேன்.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. லித்தியம்-அயான் செல் எதுவாக இருந்தாலும் குளிரில் சோர்ந்துபோகும். உள்ளே வேதிவினை மெதுவாகும், செல்லின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்கு உள்ளேயே இருக்கும் தடை, கூடும். கேமரா சும்மா இருக்கும்போது குறைந்த மின்சாரம்தான் இழுக்கும். ஃபோகஸ் மோட்டார் ஓடி, ஷட்டர் அடிக்கும்போது சட்டென்று அதிகமாக இழுக்கும். உள்தடை அதிகமாக இருக்கிற செல்லில் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிந்தால், உள்ளே சார்ஜ் மிச்சமிருந்தாலும் கேமரா தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நல்ல செல்லுக்கு உள்தடை குறைவு, அதனால் சமாளிக்கும். மட்டமான செல்லுக்கு, ஏற்கெனவே எங்கேயோ உழைத்துத் தேய்ந்து கழற்றப்பட்ட செல்லுக்கு, முடியாது. ஸ்கிரீனில் தெரிந்த 100 என்பது பேட்டரிக்குள் இருக்கும் சிப் கேமராவுக்குச் சொன்ன கணக்கு. அந்த சிப்பே ஒப்புக்கு வைத்ததாக இருந்தால் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு?

இதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. ஒரு நாள் மாலை பேட்டரியை மாற்றலாம் என்று கேமராவின் பேட்டரிக் கதவைத் திறந்து லாக்கைத் தள்ளினேன். வழக்கமாக ஸ்பிரிங் தள்ளி பேட்டரி கொஞ்சம் வெளியே வரும். வரவில்லை. விரலால் தடவினால் தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. லேபிளின் ஒரு ஓரம் பிரிந்து நின்றது. உப்பிய பேட்டரி. தயவுசெய்து இப்படி மாட்டிக்கொண்டால் கத்தியையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு நெம்பாதீர்கள். செல் கிழிந்தால் தீப்பிடிக்கும். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினேன். கொஞ்சம் வெளியே வந்ததும் ஒட்டும் டேப்பை அதன் மேல் அழுத்தி ஒட்டி, நேராக இழுத்து எடுத்தேன். முனைகளில் டேப் சுற்றி, மற்ற சாமான்களிலிருந்து தள்ளி வைத்தேன். உப்பிய, அடிபட்ட பேட்டரியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பியதும் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் ஒரு நண்பரிடம் கொண்டுபோனேன். முதலில் தராசு. ஒரிஜினல் 83 கிராம், இவை ஒவ்வொன்றும் 60 கிராமைச் சுற்றி. அப்புறம் முழு சார்ஜ் ஏற்றி, டிஸ்சார்ஜ் டெஸ்டரில் மாட்டி, அறை வெப்பத்திலேயே இறக்கிப் பார்த்தார். ஒரிஜினல் கிட்டத்தட்ட அதன் லேபிளில் போட்டிருந்ததைக் கொடுத்தது. 3000 என்று சொன்னவை 1300-ஐக்கூடத் தொடவில்லை. உப்பியதை அவர் மாட்டவே மறுத்துவிட்டார், அதுதான் சரி.

நண்பர் இன்னொன்றும் காட்டினார். லேபிளில் மேலே பெரிதாக 3000 எம்ஏஹெச், 7.2 வோல்ட். கீழே எறும்பு மாதிரி எழுத்தில் 16.4 வாட்-ஹவர். வாட்-ஹவர் என்பது வோல்டேஜையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வருவது. 3000 எம்ஏஹெச் என்றால் 3 ஆம்பியர்-ஹவர். 7.2-ஐ 3-ஆல் பெருக்கினால் 21.6 வர வேண்டும். 16.4 என்பது ஒரிஜினல் லேபிளிலிருந்து அப்படியே எடுத்து அச்சடித்தது. மேலே ஒரு பொய், கீழே ஒரு காப்பி. நீங்கள் பார்க்கிற எந்தப் பேட்டரியின் படத்தையும் பெரிதாக்கி இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடலாம். ஒத்துப்போனால் மட்டும் அது நல்ல பேட்டரி என்று ஆகிவிடாது, ஒத்துப்போகாதது நிச்சயம் பொய்.

3000 என்ற எண்ணே ஏன் நம்பத் தகாதது என்பதற்குப் பெரிய நிறுவனங்களின் வரலாறே சாட்சி. கேனான் 2008-இல் 5டி மார்க் டூவுடன் எல்பி-இ6 பேட்டரியைக் கொண்டுவந்தது, 1800 எம்ஏஹெச். அதே அளவுப் பெட்டிக்குள் 1865 ஆனது, 2020-இல் எல்பி-இ6என்ஹெச் வந்தபோது 2130 ஆனது. நிக்கானின் இஎன்-இஎல்15 2010-இல் 1900. 2020-இல் வந்த ‘சி’ மாடலில் 2280. இத்தனை வருட ஆராய்ச்சியில், இத்தனை பெரிய நிறுவனங்களால் அதே பெட்டிக்குள் முன்னூறு, நானூறுதான் கூட்ட முடிந்திருக்கிறது. ஒரு குடத்தில் ஒன்றரைக் குடம் தண்ணீர் பிடிக்காது. கால்வாசி விலைக்கு விற்கிறவர் பிடித்துவிட்டேன் என்றால் அவர் உங்களை ஏமாற்றுகிறார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் படங்களோடு விற்பனையாளருக்கு அனுப்பினேன். முதல் பதில், “பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா சார்?” என்று. டெஸ்டர் படத்தைக் காட்டியதும், “அது எங்க டெஸ்டர் இல்லையே.” உப்பியதற்கு, “ஓவர் சார்ஜ் பண்ணியிருப்பீங்க, யூசர் டேமேஜ்.” கடைசியில், “பேட்டரி கன்ஸ்யூமபிள் ஐட்டம் சார், ரிட்டர்ன் கிடையாது.” அதன் பிறகு பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், திருப்பி அனுப்பும் கெடு நான் மலையில் இருந்தபோதே முடிந்துவிட்டது என்றார்கள். பயணத்துக்கென்று வாங்குகிற பொருளில் இதுதான் அவர்களுக்குச் சாதகம்: பொய் வெளிப்படும் நேரத்தில் கெடு முடிந்திருக்கும். விமர்சனங்களையும் பழைய தேதிவரை புரட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் எழுதியவர்கள் பாராட்டியிருந்தது ஒரு கேமரா பட்டையை! பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

சரி, என்ன வாங்குவது? மறுசார்ஜ் வழியில்லாத பயணத்துக்கு என் தீர்ப்பு: நிறுவனத்தின் ஒரிஜினல், அதுவும் நிறுவனமே அங்கீகரித்த விற்பனையாளரிடம். பாதி எண்ணிக்கைதான் வாங்க முடிகிறது என்றாலும் அதுவே. ஒரிஜினல் என்ற பெயரிலேயே டூப்ளிகேட்டும் சந்தையில் இருக்கிறது. ஹோலோகிராம், அச்சின் கூர்மை, எடை மூன்றையும் பாருங்கள். கேனான் கேமராக்கள் சில சமயம், பேட்டரியில் கேனான் லோகோ இருக்கிறதா என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் அலட்சியமாக ஆம் என்று அழுத்திவிட்டுப் போகாதீர்கள், பேட்டரியோடு கேமராவால் சரியாகப் பேச முடியவில்லை என்று அர்த்தம். தேர்டு பார்ட்டியிலும், அதாவது கேமரா நிறுவனம் அல்லாத பிறரிலும், நேர்மையாகச் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரிஜினலுக்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோதான் எண் போடுவார்கள், கூட்டிப் போடமாட்டார்கள்.

எதை வாங்கினாலும் ரிட்டர்ன் கெடுவுக்குள் சோதித்துவிடுங்கள். டெஸ்டர் வேண்டாம். ஒரிஜினலை முழுக்க ஏற்றி, கேமராவை முக்காலியில் வைத்து, வீடியோ ஓடவிட்டு, அணையும்வரை நேரத்தைக் குறியுங்கள். அதே செட்டிங், அதே லென்ஸ், புது பேட்டரியில் மறுபடி. கார்டு நிரம்பி நின்றாலோ, கேமரா சூடாகி நின்றாலோ அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். சதவீதம் சீராக இறங்குகிறதா, தாவுகிறதா என்றும் கவனியுங்கள். 80-இலிருந்து நேராக 50-க்குக் குதித்தால் அது கூட வரத் தகுதியில்லாதது.

எத்தனை எடுப்பது என்பதற்கு சிபா எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் சோதனை சுமார் 23 டிகிரி வெப்பத்தில், வரையறுத்த முறையில் செய்வது. உங்கள் கை எப்படி என்று பாருங்கள்: பயணத்தில் எடுப்பதுபோல ஒரு நாள் முழுக்க எடுத்து, எவ்வளவு சதவீதம் போனது என்று குறித்து, நாட்களால் பெருக்குங்கள். குளிர்ப் பிரதேசம் என்றால் அதன்மேல் பாதியைக் கூட்டுங்கள். வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சில கேமராக்களில் ஆஃப் செய்த பிறகும் புளூடூத் விழித்துக்கொண்டே இருக்கும், அதைத் தனியாகத் தேடி அணைக்க வேண்டும். பேட்டரிகளை உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள், இரவில் உறங்கும் பைக்குள். குளிரில் ஓய்ந்த நல்ல பேட்டரி சூடேறினால் திரும்ப எழும், அதைத் தீர்ந்ததாக ஒதுக்கிவிடாதீர்கள்.

விமானத்தில் கூடுதல் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியோ டேப்போ போடுங்கள். கேமரா பேட்டரிகள் 100 வாட்-ஹவர் வரம்புக்கு வெகு கீழே என்பதால் தனி அனுமதி தேவைப்படாது. ஆனால் எண்ணிக்கை அதிகமென்றால் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பவர் பேங்கும் ஒரு வழிதான், கேமராவுக்கு யுஎஸ்பி சார்ஜிங் இருந்தால். 20,000 எம்ஏஹெச் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-ஹவர். மாற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தால் என் பேட்டரியை மூன்று தடவை முழுதாக நிரப்பலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாதீர்கள், செல் நிரந்தரமாகக் கெடும். கூடாரத்துக்குள் சூடுபடுத்திக்கொண்டு ஏற்றுங்கள். பவர் பேங்கிலும் இதே எண் மோசடி இருக்கிறது, வாட்-ஹவர் பெருக்கலை அங்கேயும் போடுங்கள்.

அந்தப் பேட்டரிகளை முனையில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன், வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்று. பணம் வரவில்லை. நேற்று தேடியபோது அதே பெட்டிப் படம், அதே வாசகங்கள், புது விற்பனையாளர் பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. எண் மட்டும் இப்போது 3200.