காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரம் கடிகாரம்: கண்ண மூடிகினு நம்பலாம், டைம்டேபிள் தான் வேற கதை

காட்பாடி ஸ்டேஷனுக்கு ரிவ்யூ போடறவங்க எல்லாரும் கூட்டம், பார்க்கிங், டிபன்னு எழுதுறாங்க, பிளாட்பாரத்துல தொங்குதே செவப்பு நம்பர் கடிகாரம் அதப் பத்தி ஒருத்தரும் எழுதல, அதான் நான் எழுதறேன். கடிகாரத்துக்கு 5க்கு 5. டைம்டேபிளுக்கு 3 தான், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

போன்ல செகண்டோட டைம் வெச்சுகினு அது கீழயே நின்னு பாத்தேன், நிமிஷம் மாறும்போது ரெண்டும் ஒண்ணாவே மாறுது. படி ஏறி அடுத்த பிளாட்பாரத்துல எறங்கினாலும் அதே நேரம் தான். இப்ப பெரிய ஸ்டேஷன்ல வைக்கிற கடிகாரம் ஜிபிஎஸ்ல ஓடுது, சாட்டிலைட்டுக்குள்ள அணுக் கடிகாரம் இருக்குது, அதுலேர்ந்து வர்ற சிக்னல வாங்கி தானா சரி பண்ணிக்கும், யாரும் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளத் திருப்ப வேணாம். நாம கைல கட்டுற சாதா குவார்ட்ஸ் வாட்ச் மாசத்துக்கு 15 செகண்ட் வரைக்கும் முன்ன பின்ன போகும், ஒரு வருஷம் அப்படியே விட்டா மூணு நிமிஷம் வரைக்கும் தள்ளிப் போயிடும்.

மூணு நிமிஷம் தானேன்னு சொல்லாதீங்க. இங்க பல எக்ஸ்பிரஸ் நிக்கிறதே ரெண்டு நிமிஷம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில வைத்தியம் பாத்துட்டு மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம்னு ஊருக்குத் திரும்புற ஜனங்கள பாருங்க, ஆபரேஷன் ஆன ஆள வீல்சேர்ல உக்கார வெச்சுகினு, மூட்டை முடிச்சு, ஸ்கேன் கவரு, கைல கொழந்த, எல்லாத்தையும் ரெண்டு நிமிஷத்துல ஏத்தணும், அவங்க நிமிஷத்துக்கு ஒருவாட்டி அண்ணாந்து அந்த கடிகாரத்த தான் பாக்கறாங்க. பெங்காலி மட்டுமே தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கும் அந்த நம்பர் புரியுது. இதுக்காகவே 5க்கு 5 போடலாம்.

வேற ஒரு சின்ன ஸ்டேஷன்ல, பேர் வேணாம், பழைய முள் கடிகாரம் ஒண்ணு அஞ்சாறு நிமிஷம் பின்னாடி ஓடிகினு இருந்துச்சு. ஒரு பெரியவர் அத நம்பி வெளிய டீ குடிச்சிகினு நின்னாரு, நான் போய் சொல்லி இட்டுகினு வந்தேன், நல்லவேள வண்டி அப்ப தான் உள்ள வந்துச்சு. தப்பா ஓடற கடிகாரத்த விட கடிகாரமே இல்லாத ஸ்டேஷன் மேல், அப்பனாச்சும் யார்னா ஒருத்தர கேப்பாங்க.

நேரம் விஷயத்துல ரயில்வேக்குன்னு எழுதி வெச்ச ரூல் இருக்குது, நெறைய பேருக்கு தெரியாது. பொது விதிகள்ல, தினமும் 16.00 மணிக்கு முக்கிய ஸ்டேஷனுக்கு எல்லாம் ஸ்டாண்டர்ட் டைம் சொல்லி அனுப்பணும்னு இருக்குது. வண்டி கெளம்புற எடத்துலயும் ஆள் மாத்துற எடத்துலயும் கார்டு, இப்ப டிரெயின் மேனேஜர்னு சொல்றாங்க, ஸ்டேஷன் கடிகாரத்த பாத்து தன் வாட்ச்ச வெச்சிகினு அந்த நேரத்த டிரைவருக்கு சொல்லணும், அவர் அதுக்கு ஏத்த மாதிரி தன்னோடத வெக்கணும். ஏன் இவ்ளோ கண்டிப்புன்னா, ஒத்த லைன்ல எதிரும் புதிருமா வண்டி ஓடின காலத்துல ரெண்டு ஸ்டேஷனுக்கு ரெண்டு நேரம் இருந்தா உயிரே போயிடும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி இருந்த நம்ம பழைய வேலூர் ஜில்லாவுக்கு இதுல தனி பாத்தியத இருக்குது. தென்னிந்தியாவுல மொத ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துலேர்ந்து கெளம்பி வந்து சேந்தது நம்ம வாலாஜா ரோடுக்கு தான். அப்ப இந்திய நேரம்னு ஒண்ணு கெடையாது, அது 1906 ஜனவரி 1லேர்ந்து தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பல வருஷம் ரயிலுக்கு மெட்ராஸ் நேரம், மெட்ராஸ் வானியல் ஆய்வுக்கூடத்துல சூரியன், நட்சத்திரம் பாத்து கணிச்சது. வேலூர்ல சூரியன் உச்சிக்கு வர்றது மெட்ராஸ விட சுமார் நாலரை நிமிஷம் பின்னாடி, இன்னிக்கி நம்ம கைல இருக்குற இந்திய நேரத்துக்கு சராசரியா பதிமூணு நிமிஷத்துக்கு மேலயே பின்னாடி. ஊருக்கு ஊர் அவங்கவங்க உச்சிவெயில வெச்சிகினு இருந்தா ரயில் ஓட்டவே முடியாது, எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்ததுல ரயிலுக்கு பெரிய பங்கு இருக்குது.

இப்ப அந்த 3 மார்க் கதைக்கு வர்றேன். வண்டி ரைட் டைமான்னு ரயில்வே கணக்கு எடுக்கறது கடைசி ஸ்டேஷன்ல, அங்கயும் 15 நிமிஷம் வரைக்கும் தாமதம் ஆனாலும் சரியான நேரம்னு தான் சேரும். அதுக்கு தோதா கடைசி துண்டுல எக்ஸ்ட்ரா நேரம் சேத்து வெச்சிருப்பாங்க. பெரம்பூர்லேர்ந்து சென்ட்ரல் சுமார் ஆறு கிலோமீட்டர், டைம்டேபிள எடுத்து பாருங்க, நெறைய எக்ஸ்பிரஸுக்கு அந்த ஆறு கிலோமீட்டருக்கு எவ்ளோ தாராளமா குடுத்திருக்காங்கன்னு. அதனால காட்பாடிக்கு இருவது நிமிஷம் லேட்டா வர்ற வண்டி சென்ட்ரல்ல ஜம்முனு ரைட் டைம்ல போய் நிக்கும், கணக்குல லேட்டே இருக்காது, பிளாட்பாரத்துல நின்ன நம்ம இருவது நிமிஷம் அந்த ரைட் டைம் கணக்குல வராது. நடுவுல இருக்குற ஊர்க்காரனுக்கு இது நியாயமே இல்ல. டிக்கெட் பணம் திரும்ப வாங்கற விஷயத்துல மட்டும் நம்ம ஸ்டேஷன தான் பாக்கறாங்க, ஏறுற எடத்துல 3 மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா போகாம விட்டுட்டு முழுப் பணம் கேக்கலாம், ஆன்லைன் டிக்கெட்டுனா வண்டி அங்கேர்ந்து கெளம்பறதுக்குள்ள டிடிஆர், அதாவது பணம் திரும்பக் கேக்கற ஆன்லைன் மனு, போட்டுடணும், அப்புறம் போட்டா போச்சு.

இன்னும் ஒண்ணு, புதுசா எந்த மிஷினும் வாங்க வேணாம். சிக்னல் ரூம்ல டேட்டா லாகர்னு ஒண்ணு இருக்குது, வண்டி எந்த செகண்ட்ல தண்டவாளத்துல எந்த துண்டுக்குள்ள வந்துச்சுன்னு அதுவே பதிஞ்சுகினு இருக்குது, அந்த பதிவ மனுஷன் கைல எழுதறதே இல்ல. காட்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டைன்னு ஒவ்வொரு ஜங்ஷன்லயும் அந்த பதிவ எடுத்து ரைட் டைம் கணக்குல சேத்தாங்கன்னா டைம்டேபிளுக்கும் அன்னிக்கே 5 போட்டுடறேன்.