பீன்யாவில் ஒரு டெஸ்டிங் லேப்: உடைந்த க்யூபும் தப்பித்த சிலாபும்

பெங்களூர் ஹொரமாவில் 30க்கு 40 மனையில் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். 31 வருஷம் ஒரு டூல்ரூமில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் எனக்குச் சோறு போட்டவை. 2024 அக்டோபர் மழையில் பக்கத்துப் பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் சரிந்து ஆட்கள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் கட்டட வேலையில் வாய்வார்த்தையை மட்டும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இந்த லேபுக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. பிளிந்த் பீம், அதாவது அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைத் தாங்கும் பீம், அதன் கான்கிரீட்டுக்கு எங்கள் கான்ட்ராக்டர் வேறு எங்கிருந்தோ ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்து நீட்டினார். 28 நாள் வலிமை என்று போட்டிருந்தது. ஆனால் கான்கிரீட் போட்டு அன்றைக்கு 24 நாள்தான் ஆகியிருந்தது. மூன்று க்யூபுக்கும் (சோதனைக்கென்று வார்க்கும் கான்கிரீட் கட்டி) சதுர மில்லிமீட்டருக்கு 26.1, 26.1, 26.2 நியூட்டன். ஒரே லேத்தில் அடுத்தடுத்துக் கடைந்த பின்கூட இவ்வளவு ஒற்றுமையாக வராது, சைட்டில் கலந்த கான்கிரீட் எப்படி வரும்? கேட்டதற்கு, "சார், இதெல்லாம் ஃபைல்ல வைக்கிறதுக்குத்தான்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நானே, லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். பட்டியலில் தேடிப் பீன்யாவில் இருக்கும் இந்த லேபைப் பிடித்தேன். அங்கீகாரம் உண்டு என்று போர்டு இருந்தால் மட்டும் போதாது. எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் நமக்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கம்பிக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கான்கிரீட்டும் உடைத்துத் தருகிறவர்கள் இருக்கலாம். ரிப்போர்ட்டில் முத்திரையோடு யு.எல்.ஆர். என்று தனி எண் அச்சாகியிருக்கவேண்டும்.

உள்ளே போனதும் மெஷினைக் காட்டச் சொன்னேன். அளவெடுக்கிற கருவியை நம்புமுன் அதை யார் அளந்தார்கள் என்று கேட்பது என் பழக்கம். ஓசூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் முகம் சுளிக்காமல், "வாங்க சார், பாருங்க" என்று கூட்டிப்போனார். 2000 கிலோநியூட்டன் அழுத்தும் மெஷின். காலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி நடப்பில் இருந்தது. சான்றிதழைக் கேட்டேன், ஃபைலை எடுத்துக் கையில் கொடுத்தார். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் 12 மில்லிமீட்டர் கம்பி கொடுத்தேன், 500டி ரகம். ஒரு மீட்டருக்கு 888 கிராம் இருக்கவேண்டும், 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். எங்களுடையது 861 கிராம், தப்பில்லை. அடுத்து அந்தத் தம்பி கம்பியில் 60 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு குத்தினார். விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு, அதுதான் கணக்கு. மெஷின் இழுக்க இழுக்கக் கம்பி ஓர் இடத்தில் கழுத்துப்போல ஒடுங்கி, பட்டென்று அறுந்தது. இரண்டு துண்டையும் மேசையில் வைத்து வாயோடு வாய் பொருத்தி மறுபடி அளந்தார். 71 மில்லிமீட்டர். 18.3 சதவீதம் நீண்டிருக்கிறது, வேண்டியது குறைந்தது 16. வெர்னியரை என்னிடம் நீட்டி, "நீங்களும் பாருங்க சார்" என்றார். எனக்கும் 71தான்.

எம்-சாண்ட் சல்லடை, போர்வெல் தண்ணீர் இரண்டும் சிக்கலில்லாமல் வந்தன. பிளிந்த் பீமை ரிபவுண்ட் ஹேமரால் தட்டிப் பார்க்கச் சொன்னேன், அடித்தால் எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்து வலிமையைக் கணிக்கும் சுத்தியல் அது. சுமாராக நன்றாகத்தான் இருந்தது. அதில் சொல்லும் வலிமை 25 சதவீதம் ஏறவும் இறங்கவும் கூடும், இதை மட்டும் வைத்து ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று அவர்களே எச்சரித்தார்கள்.

கிரவுண்ட் ஃப்ளோர் ரூஃப் கான்கிரீட்தான் எங்களை ஆட்டிவைத்தது. எம்20 கலவை. மூன்று க்யூப் நாங்களே சைட்டில் போட்டு 28ஆம் நாள் கொண்டுபோனோம். மட்டம் தட்டிய முகம் மேலே வராமல் பக்கவாட்டில் திருப்பி, மெஷின் நடுவில் வைத்தார்கள். திரையில் ஒரு விநாடிக்கு 5.2 கிலோநியூட்டன் வீதம் ஏறிக்கொண்டே போனது. 450ஐத் தாண்டினால்தான் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், எம்20 என்பதில் இருக்கும் 20 அதுதான். 320இல் எண் நின்று இறங்கத் தொடங்கியது. நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி ஒரு துண்டு நின்றது. அடுத்தது 335, கடைசி 344. சராசரி 14.8. எம்20க்கு ஒரு சாம்பிளின் சராசரி 17க்குக் கீழே போனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 ஏற்காது. என் மனைவி கூட வந்திருந்தாள், அவள் வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அந்தத் தம்பி உடைந்த துண்டை விரலால் சுரண்டிக்கொண்டே, "சார், இது எத்தனை நாள் தண்ணியில இருந்துச்சு?" என்று கேட்டார். நான் மேஸ்திரிக்கு போன் போட்டேன். திருப்பத்தூர்க்காரர், பொய் சொல்லமாட்டார். "ஐயா, தொட்டிய ஜல்லி லாரிக்காக நகத்துனாங்க. க்யூப ஷெட்டுக்குப் பின்னாடி வச்சுட்டாங்க. வெயில்லதான் கிடந்துச்சு. நேத்துதான் நெனச்சுக்கிட்டு தண்ணியில போட்டேன்." மோல்டு கழற்றிய நாளிலிருந்து சோதிக்கும் நாள்வரை 27 டிகிரித் தண்ணீரில் கிடக்கவேண்டிய க்யூப் அது. சிலாபுக்கோ பாத்தி கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நின்றது.

அப்படியானால் க்யூப் பொய் சொல்கிறது என்று கான்ட்ராக்டர் குதித்தார். லேப் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்ற காரணம் சரியா இருக்கலாம். ஆனா இந்த ரிசல்ட்ட நான் மாத்தமாட்டேன். சிலாபையே கேட்டுடலாம்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே இந்த லேபை யாருக்கும் சொல்வேன்.

சிலாபைக் கேட்பது என்றால் கோர் எடுப்பது. உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துக் குறித்துவிட்டு, கம்பி படாத இடமாக மூன்று இடத்தில் வைர பிட்டால் குடைந்தார்கள். சொந்த வீட்டு ரூஃபில் ஓட்டை விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. கையில் கொடுத்த உருளை ஈரமாக, ஜல்லியெல்லாம் மொசைக் தரைபோலத் தெரிய, கனமாக இருந்தது. உள்ளே பொந்து இல்லை. உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்குத் திருத்தம் செய்து, க்யூபுக்குச் சமமாக மாற்றியதில் 17.6, 18.4, 16.9. சராசரி 20இல் 85 சதவீதம், அதாவது 17 இருக்கவேண்டும், எதுவும் 75 சதவீதமான 15க்குக் கீழே போகக் கூடாது. எங்கள் சராசரி 17.6. சிலாப் பாஸ். ஓட்டைகளைச் சுருங்காத கிரவுட் போட்டு அடைத்துவிட்டார்கள்.

பாஸ் என்றாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. 17.6 என்பது தாராளமான எண் அல்ல. க்யூப் தோற்றதற்கு வெயிலில் கிடந்தது ஒரு பங்கு என்றால், கலவையில் மேஸ்திரி கூடுதலாக விட்ட தண்ணீர் இன்னொரு பங்கு என்றே நினைக்கிறேன். ஓட வசதியாக இருக்கட்டும் என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவதை நானே பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஃபர்ஸ்ட் ஃப்ளோர் ரூஃபுக்கு லேபிலிருந்தே ஆள் வரச் சொன்னேன். தனிக் கட்டணம்தான், ஆனாலும் கொடுங்கள். வந்த பையன் முதலில் ஸ்லம்ப், அதாவது கூம்பில் நிரப்பிய கலவை எவ்வளவு சரிகிறது என்று பார்த்தார், கலவை தொளதொள என்று சரிந்ததும் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். மேஸ்திரி முணுமுணுத்தாலும் கேட்டுக்கொண்டார். க்யூப் மோல்டை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 35 முறை எண்ணிக் குத்தினார். மறுநாள் வந்து க்யூபை ஈரச் சாக்கில் சுற்றி அவர்கள் தொட்டிக்கே கொண்டுபோனார்கள். 28 நாளில் சராசரி 25.1.

குறைகளும் உண்டு. ஹொரமாவிலிருந்து ஹெப்பால் நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர அரை நாள் போய்விடும். கவுன்ட்டரில் இருந்தவர் முதல் நாள், "கம்பெனி லெட்டர்ஹெட் இல்லாம வாங்க முடியாது" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். சொந்த வீடு கட்டுகிறவனிடம் லெட்டர்ஹெட் எங்கே இருக்கும்? மேனேஜரைப் பார்த்த பிறகுதான் வாங்கினார்கள். 7 நாள் க்யூப் உடைத்தால் அன்றைக்கே எண்ணைச் சொல்லுங்கள், ரிப்போர்ட் அப்புறம் வரட்டும் என்று கேட்டும் நாலு நாள் கழித்துத்தான் மெயில் வந்தது. அதற்குள் சென்டரிங் ஆட்கள் பலகை பிரிக்க வந்து நிற்கிறார்கள். இதை அவர்கள் அவசியம் சரிசெய்யவேண்டும். பில்லுக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அதையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: சோதித்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும். மாதிரியை நீங்களே கொண்டுபோனால் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள். மாடிப்படி ஹெட்ரூம் கான்கிரீட் வருகிற வியாழக்கிழமை. ஆள் அனுப்பச் சொல்லி நேற்றே பணம் கட்டிவிட்டேன், க்யூப் தொட்டியை ஜல்லி லாரி வராத மூலைக்கு நகர்த்தியாயிற்று.