தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: கோலாலம்பூர் மையம் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை

மோட்டார் சைக்கிள் விபத்தில் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து ஈராண்டுக்கு மேலாகிவிட்ட என் தம்பியை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசியால் நடக்க வைப்பதாகச் சொல்லி, கோலாலம்பூரில் உள்ள தனியார் மையம் ஒன்று எங்களிடம் 68,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியது. அவனுடைய சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணமும் அம்மாவின் நகைகளும் அதிலேயே கரைந்தன. வழக்கறிஞரின் ஆலோசனைப்படி மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அவர்கள் முதலில் காட்டுவது ஜப்பானை. தண்டுவடக் காயத்துக்கான ஸ்டெமிராக் என்ற சிகிச்சைக்கு 2018 டிசம்பரில் அந்நாட்டு அரசு அனுமதி அளித்த செய்தியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். செய்தி உண்மைதான். ஆனால் அது நிபந்தனையுடன் கூடிய, காலவரையறைக்கு உட்பட்ட அனுமதி என்பதையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயாளிக் குழு இல்லாமல் 13 பேரிடம் மட்டும் நடந்த ஆய்வை நம்பி அளிக்கப்பட்டதால் அறிவியலாளர் பலர் அதைக் குறைகூறினார்கள் என்பதையும் அவர்கள் மூச்சுவிடவில்லை. அதைவிட முக்கியமானது, அங்கே அடிபட்ட ஒரு மாதத்துக்குள் நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் வளர்த்துச் சிரை வழியாக ஏற்றுகிறார்கள். என் தம்பிக்கு ஏற்றியதோ ஏதோ ஒரு குழந்தையின் தொப்புள்கொடியில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட செல்கள். வடு இறுகிப்போன அவன் தண்டுவடத்துக்கு அந்த ஜப்பானியச் செய்தி எவ்வகையிலும் சான்றாகாது.

ஊசி மருந்து சாதாரண ஐஸ் பெட்டியில் வந்தது. குப்பியில் ஆய்வகத்தின் பெயரோ, தொகுதி எண்ணோ, செல்களின் எண்ணிக்கையோ இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் லேப் ரகசியம், அண்ணே” என்று ஒருங்கிணைப்பாளர் சிரித்தார்.

ஊசிக்கு முன்பும் பின்பும் தண்டுவடக் காயத்தின் கடுமையை அளக்கும் ஏ.எஸ்.ஐ.ஏ. அளவுகோலின்படி ஊசிமுனையால் தொட்டு உணர்வையும், தசை தசையாக வலுவையும் சோதித்து நிலையைப் பதிவுசெய்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, தம்பியின் கால் விரல் துடிப்பதைப் படம்பிடித்து, முன்னேற்றம் தொடங்கிவிட்டது என்று சொல்லி அடுத்த தவணையைக் கேட்டார்கள். அரசு மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்த உடனே, இது அவன் அசைத்ததல்ல, தண்டுவடக் காயத்தில் வழக்கமாக வரும் தசைத் துடிப்பு என்றார். சோதித்தபோது நிலை பழையபடி ‘ஏ’தான், அதாவது அந்த அளவுகோலின் மிகக் கடுமையான நிலை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்பது இன்னொரு பொய். போர்ச்சுகலில் ஸ்டெம் செல்கள் உள்ள மூக்குத் திசுவைத் தண்டுவடத்தில் பதித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்ததை 2014இல் மருத்துவ இதழே வெளியிட்டது. தம்பியை இப்போது ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செலவும் எங்களுடையது.

ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் முதலில் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் ‘வெல்னஸ் பேக்கேஜ்’ என்று மட்டுமே இருந்தது. ஸ்டெம் செல் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. எங்கள் புகார் சுகாதார அமைச்சிடம் உள்ளது. இதே போன்ற ரசீது உங்களிடம் இருந்தால், வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் சேர்த்து வைத்து, நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிக்க எங்களுக்கும் அந்த உரையாடல்கள்தான் உதவுகின்றன.