பழைய வீராவுக்கு பிரேக் சாமான்: சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் நம்பிப் போகும் கடை

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டு வாசலிலேயே பிரேக் வேலை பார்ப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை, தமான் எனும் குடியிருப்பில் வீடு, போர்ச்சில் ஒரு பழைய மலேசியக் கார், வீராவோ சாகாவோ கஞ்சிலோ. விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடவும், லிந்தாங் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வரவும், அம்மாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் அதுதான் இருக்கிறது. வீரா 1993-ல் வந்தது, 2009-ல் நிறுத்தினார்கள், அதனால் ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவனுக்கு நல்ல மெக்கானிக் கிடைப்பதைவிட நல்ல சாமான் கடை கிடைப்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் கடைத்தெருவில் பழைய கடைவீட்டு வரிசையில் இருக்கும் இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் யாரும் கடையின் பெயரைச் சொல்வதில்லை, பச்சை இரும்புக் கதவு என்றால் போதும்.

கவுண்டரில் சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, வயதானவர். பக்கத்தில் நம் தமிழ்ப் பையன் ஒருவன். முன் சக்கரத்துக்கு பிரேக் பேட் வேண்டும் என்று கேட்டால் தவுக்கே உடனே அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டார், "பாராங் லாமா மானா?" (பழைய சாமான் எங்கே?) என்று மலாயில் கேட்டுக் கையை நீட்டுவார். பழையதைக் கொண்டு போகாவிட்டால் வியாபாரம் கிடையாது, போய்க் கழற்றிக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார். முதல் தடவை போகிறவர்களுக்குக் கோபம் வரும், வரத்தான் செய்யும், ஏனென்றால் காரை ஜெக்கில் நிறுத்திவிட்டு யாருடைய மோட்டார் சைக்கிளையோ இரவல் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வீராவில் 1.3, 1.5, 1.6, 1.8 என்று பல எஞ்சின்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் ஒரே பிரேக் கிடையாது. அதோடு இத்தனை வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கும், வண்டியின் பழைய சொந்தக்காரர், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொட்டோங் கடையில் வேறு மாடலான சத்ரியா ஜிடிஐ பிரேக்கையோ புத்ரா பிரேக்கையோ வாங்கி மாட்டியிருந்தால் வண்டிப் பதிவுச் சான்றான கிராண்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பேட் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

அவர் அதைப் பார்க்கும் விதத்தை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் சீனப் பத்திரிகையை விரித்து நான்கு பேட்டையும் வரிசையாக வைப்பார், இடது சக்கரம் தனி, வலது தனி, உள் பக்கத்து பேட் எது வெளிப் பக்கத்து பேட் எது என்று கேட்பார். புதிய பேட்டை எடுத்துப் பழையதின் முதுகில் முதுகை வைத்துக் காது இரண்டும் சரியாக உட்காருகிறதா என்று கட்டைவிரலால் தடவுவார். என் வண்டியில் வலது பக்கம் உள் பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, அதன் ஜோடியான வெளி பேட்டில் இன்னும் பாதி இருந்தது. அதைப் பார்த்ததும் பேட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பின் ஓடுதா?" என்று பையன் மூலமாகக் கேட்டார். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர், பின் எனும் இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் நகர வேண்டும், அப்போதுதான் இரண்டு பேட்டும் ஒரே மாதிரி டிஸ்க்கைப் பிடிக்கும். பின் இறுகிவிட்டால் பிஸ்டன் இருக்கும் பக்கம் மட்டும் அழுத்தி அழுத்தி உள் பேட் சீக்கிரம் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்து பின்னை இழுத்தால், அது உறையை விட்டு வரவே மாட்டேன் என்றது, வந்தபோது கிரீஸ் இருந்த இடத்தில் துருவும் செம்மண்ணும் கலந்த ஒரு களிதான் ஒட்டியிருந்தது. செம்பனைக் காட்டுப் பாதையில் மழையிலும் புழுதியிலும் ஓடும் வண்டிக்கு இது சகஜம். அன்றைக்கு அவர் கேட்காமல் பேட்டை மட்டும் விற்றிருந்தால் அந்தப் புது பேட்டும் அதே மாதிரி ஒரு பக்கமாகத்தான் தேய்ந்திருக்கும்.

கிரீஸ் விஷயத்திலும் கடை கறாராக இருக்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் டின் வீட்டில் இருக்கிறது, அதையே பின்னுக்குப் பூசிக்கொள்கிறேன் என்று ஒரு பெரியவர் சொன்னபோது பையன் விடவில்லை. "வேண்டாம் அங்கிள், ரப்பர் ஊதிடும்" என்று சொல்லி, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸைக் குட்டிப் பையில் எடுத்துக் கொடுத்தான். விலை சில வெள்ளிதான். பிரேக்கில் இருக்கும் ரப்பர் எல்லாமே பிரேக் ஆயிலைத் தாங்கும் ரப்பர், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப்போய் வேலைக்கு ஆகாது. அதனால்தான் பிரேக் ஆயில் ஊற்றும் மாஸ்டர் பம்ப் டப்பாவில் தெரியாமல் வேறு எண்ணெயை ஊற்றியவர்கள் மொத்த ரப்பரையும் மாற்ற வேண்டி வருகிறது.

பிரேக் ஆயில் இங்கே சீல் உடைக்காத போத்தலில் மட்டும்தான். அரை போத்தல் கொடுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் ஈரத்தில் திறந்து வைத்த போத்தலை நம்பவே கூடாது. தரக் கணக்கின்படி டோட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140. டோட் 4-க்கு 230, 155. பேராக்கில் இருக்கிறவர்கள் பள்ளி விடுமுறை வந்தால் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறுகிறோம், இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு ஆயில் வரைக்கும் போகும், பழைய ஆயில் கொதித்துக் குமிழ் கட்டும், பெடல் அப்படியே தரைக்குப் போகும். டப்பாவைத் திறந்து பாருங்கள், கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) நிறத்துக்கு வந்திருந்தால், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றும் கணக்கெல்லாம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். டோட் 3 ஓடும் வண்டியில் டோட் 4 ஊற்றலாம், ஆனால் டோட் 5 என்பது சிலிக்கோன், அதைக் கலக்கவே கூடாது. அப்புறம், பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

பின் சக்கர டிரம் வேலைக்கும் இந்தக் கடையில் எல்லாம் இருக்கிறது. பிரேக் ஷூ, ஸ்பிரிங் செட், ஷூவைத் தள்ளும் பின் சக்கர பம்ப், பம்ப் ரப்பர். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே ஈரமாக, கறுப்பு மாவு சேறு மாதிரி ஒட்டியிருந்தால் அந்த பம்ப் கசிகிறது என்று அர்த்தம். ரப்பர் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டேன். பம்பின் உள் சுவரில் நகத்தை வைத்து இழுத்துப் பார், எங்காவது தட்டினால் முழு பம்பையும் மாற்று என்றார் தவுக்கே. ரப்பரை விற்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், பத்து நாளில் திரும்ப வந்து பம்பும் வாங்கியிருப்பேன், அவருக்கு இரண்டு வியாபாரம். அவர் அப்படிச் செய்யவில்லை. டிரம் இறுகிக்கொண்டு வராவிட்டால் சுத்தியலால் போட்டு அடிக்காமல், டிரம்மின் முகத்தில் மரையுள்ள இரண்டு துளை இருக்கிறதா பாருங்கள், பொருத்தமான போல்ட் இரண்டை மாறி மாறி முறுக்கினால் தானாக வெளியே வரும். அந்த போல்ட்டையும் பையன் தேடி எடுத்துக் கொடுக்கிறான். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டும், ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. டிஸ்க்கை ஸ்கிம் பண்ணும், அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கும், மெஷின் இங்கே இல்லை. பெடல் உதறுகிறது, டிஸ்க்கில் வரி விழுந்திருக்கிறது என்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும், கார் ஜெக்கில் நிற்கும்போது இது பெரிய தலைவலி. ஆனாலும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனால் தவுக்கே அளந்து பார்த்துச் சொல்லுவார், டிஸ்க்கிலேயே ஆகக் குறைந்த தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் ஸ்கிம் காசு வீண், புதியது வாங்கு என்பார். இன்னொரு குறை ரசீது. கேட்டால்தான் எழுதுவார்கள், அதிலும் 'பிரேக் பேட்' என்று மட்டும் இருக்கும், எந்த பிராண்ட் என்று இருக்காது. கேட்டு எழுத வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் கடையான ஷாப்பியில் பார்க்கும் விலையைவிட இங்கே கொஞ்சம் கூடத்தான், பேட் ஒரு செட்டுக்குப் பத்துப் பதினைந்து வெள்ளி வித்தியாசம் வரலாம். எனக்கு அந்த வித்தியாசம் வலிக்கவில்லை. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் நல்ல பிராண்ட் என்று வாங்கிய பேட்டின் பெட்டி அசல் மாதிரியே இருந்தது, பேட்டில் அடித்திருந்த எழுத்து விரலால் தேய்த்தால் போனது. அதை நான் மாட்டவே இல்லை. பச்சைக் கதவுக் கடையில் இதுவரைக்கும் அப்படி ஒரு சாமான் என் கைக்கு வந்தது கிடையாது, பொருந்தாததைத் திருப்பிக் கொண்டு போனால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கிறார்கள், எண்ணெய்க் கறை படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை எல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் சொந்தக் காரின் பிரேக்கை வருஷா வருஷம் யாரும் சோதிப்பதில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு, சொந்தக் காருக்குப் பெயர் மாற்றுவது மாதிரி சமயத்தில்தான். ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் கட்டிவிட்டால் வண்டி ஓடலாம். ஆகவே வாசலில் உட்கார்ந்து நாம் செய்யும் வேலைதான் கடைசிச் சோதனை. ஜெக் மட்டும் வைத்துக் காருக்குக் கீழே கையை விடாதீர்கள், ஜெக் ஸ்டேண்டு இந்தக் கடையிலேயே இருக்கிறது, வாங்கிவிடுங்கள். காலிப்பரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் டப்பாவில் ஆயில் விளிம்பு வரை இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் எஞ்சினை முடுக்குவதற்கு முன்னாலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள், முதல் மிதியில் பிரேக் இருக்காது, இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து எதிர்வீட்டு வேலியில் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தால், அல்லது மிதித்து வைத்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், அந்தக் காரை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கடை திங்கள் முதல் சனி வரை முழு நாள், ஞாயிறு மதியம் வரைதான், சீனப் புத்தாண்டுக்கு நீண்ட நாள் அடைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து ஆட்களெல்லாம் அங்கேதான் நிற்பார்கள், அதனால் பிரேக்கைக் கழற்றுவதாக இருந்தால் சனிக்கிழமையே கழற்றிப் பழையதைக் காட்டி வாங்கிவிடுங்கள். காற்று எடுக்க வேண்டிய பிளாஸ்டிக் குழாயைக் கேட்ட நீளத்துக்கு வெட்டித் தருவார்கள், காற்று வெளியே வரும் நிப்பிளில் இறுக்கமாக உட்காருகிற அளவா என்று பையனைப் போட்டுப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.