வாடைக்காலச் சேறும் இரண்டு வகை மெம்பரேனும்

மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஐஸ் கம்பெனிக்குத் தண்ணீர் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் இருந்து வருகிறது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெளிந்து கிடக்கும் அந்தக் கடல், வாடை தொடங்கியதும் டீத்தண்ணி நிறத்துக்குப் போய்விடும். ஆழமில்லாத கடல், அடியெல்லாம் சேறு. மணல் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்சேறும் பாசியும் யு.எஃப். மெம்பரேனில் வந்து உட்காரும். நுண்துளைகள் கொண்ட, உள்ளே குழாய்போல் வெற்றான மெல்லிய இழைகளின் கட்டு அது. அதற்கு அடுத்தது உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.

பழைய யு.எஃப். மெம்பரேனை மாற்ற வேண்டி வந்தபோது முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று வழக்கமான பி.வி.டி.எஃப். பிளாஸ்டிக் இழை. மற்றொன்று, அதே பிளாஸ்டிக்கில் டைட்டானியம் டை ஆக்சைடு நானோத்துகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளைக் கலந்து செய்த இழை. இரண்டாவதை வாங்கினோம். மறுபடி வாங்கச் சொன்னாலும் அதைத்தான் வாங்குவேன்.

விலை நானோவுக்குக் கூடுதல்தான். வடிகட்டும் திறனில் பெரிய பேதமில்லை, பாக்டீரியாவை இரண்டுமே நிறுத்தும். புது மெம்பரேனில் தண்ணீர் வேகமாக இறங்குகிறது என்று காட்டி விற்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், முதல் வாரம் எந்த மெம்பரேனும் நன்றாகத்தான் ஓடும்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அழுக்கேறிய மெம்பரேன் கழுவினால் பழைய நிலைக்குத் திரும்புகிறதா?

பழைய இழையையும் புது இழையையும் ஒவ்வொரு துண்டு வெட்டி, காயவைத்து, பிளந்து மேஜையில் வைத்தேன். பழையதில் விட்ட நீர்த்துளி சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. புதியதில் பரந்து ஊறிவிட்டது. பி.வி.டி.எஃப். இயல்பிலேயே தண்ணீரை ஒதுக்கும் பொருள். பாசியின் பிசினும் மீன் எண்ணெய்ப் பசையும் அதில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப் பிடித்து வைப்பது. இழையின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் அழுக்கு பிளாஸ்டிக்கைத் தொடுவது குறைகிறது. ஒட்டாத அழுக்கு, தண்ணீரை எதிர்த்திசையில் தள்ளிக் கழுவும் பேக்வாஷில் கழன்று போகும்.

பழையதில் பேக்வாஷ் முடிந்த பிறகும் பிரஷர் கேஜ் முள் முந்தின நாள் நின்ற இடத்துக்கு இறங்காது. தினமும் கொஞ்சம் மேலேதான் நிற்கும். வாடை உச்சத்தில் வாரம் ஒரு தடவை ஹைப்போ எனும் குளோரின் கரைசலையும் சிட்ரிக் ஆசிட்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக ஊற்றி ஊறவைத்தோம், அன்று பாதி நாள் ஐஸ் கிடையாது. நானோ போட்ட முதல் வாடையில் ஆபரேட்டர் தம்பி வந்து, “அண்ணே, முள்ளு இறங்கிருச்சு” என்று காட்டினான். அந்த சீசனில் கெமிக்கல் கழுவல் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. எங்களிடம் ஓடியது இரண்டு வாடைக்காலம்தான், ஐந்தாம் வருடத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

துகள் கூடக் கூட நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு மிஞ்சினால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகும், துளையை அடைக்கும், இழை முறுகலாகிப் பேக்வாஷ் அழுத்தத்தில் ஒடியும். அதனால் வாங்கும்போது எத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட இழையின் இழுவலிமை என்ன என்று கேளுங்கள். ஒடிந்த இழையைக் கண்டுபிடிக்கக் காற்றை ஏற்றிப் பாருங்கள். குமிழி கிளம்பும் இழையின் வாயை ஊசி வைத்து அடைத்தால் போதும். இழைகளை வைத்திருக்கும் உறையான ஹவுசிங் ஒளி புகும் வகையென்றால் வெயிலில் வைக்கக் கூடாது. புற ஊதா ஒளி பட்டால் இந்தத் துகளே பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கை அரிக்கத் தொடங்கலாம்.

வெள்ளி நானோ கலந்ததும் வருகிறது. கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் வெள்ளி கரைந்து கரைந்துதான் வேலை செய்கிறது. கடல்நீரின் குளோரைடு அப்படிக் கரைவதை இன்னும் தூண்டும். மீனுக்கு வைக்கிற ஐஸில் அது எனக்கு வேண்டாம்.

அப்புறம் ஆர்.ஓ.விலும் நானோ உண்டு. 2007-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஹோக் குழுவினர் ஆர்.ஓ. மெம்பரேனின் பாலிஅமைடு பிளாஸ்டிக் படலத்துக்குள் ஜியோலைட் எனும் நுண்துளைக் கனிமத் துகளை வைத்து, உப்பை விடாமலே கூடுதல் தண்ணீரைக் கடத்திக் காட்டினார்கள். பின்னர் அது கடைச்சரக்காகவும் வந்தது. ஆனால் உப்பிலிருந்து தண்ணீரைப் பிரிக்க மீற வேண்டிய, கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே சுமார் 27 பார். எந்தத் துகள் போட்டாலும் பம்ப் அதைத் தாண்டித்தான் தள்ள வேண்டும். எங்களைப் போன்ற சின்ன ஆலையில் அங்கே மிச்சமாகும் கரண்ட், விலை வித்தியாசத்துக்கு ஈடாகவில்லை.

இன்னொன்று, பாலிஅமைடுக்குக் குளோரின் ஆகாது. ஹைப்போ ஊற்றிக் கழுவ வழியில்லாத அந்த இடத்துக்குச் சேறு போகவே கூடாது. யு.எஃப். இழை ஹைப்போவைத் தாங்கும். அதனால் நானோவுக்குப் போடும் காசை நான் யு.எஃப்.பில் போட்டேன், ஆர்.ஓ. சாதாரணமே.

தெளிந்த போர்த் தண்ணீர் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு வழக்கமான இழையே போதும்.