கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: தாயைக் காட்டாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் மூன்றும் தமிழ்நாட்டு நாய் இனங்கள். கன்னி என்று சாதாரணத் தெருநாட்டுக் குட்டியையும், சிப்பிப்பாறை என்று கிரேஹவுண்ட் (வெளிநாட்டு ஓட்டப்பந்தய நாய்) கலந்த கிராஸையும், ராஜபாளையம் என்று காது கேட்காத வெள்ளைக்குட்டியையும் விற்பது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஏமாந்தவர்கள் கொண்டுவந்து காட்டும் குட்டிகளையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் பார்த்தால், ஊர்தான் வேறு, ஏமாற்று ஒன்றுதான். எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. குட்டியை ஈன்ற பெட்டையை வாங்கியவர் பார்க்கவே இல்லை.

2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் மோடி தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அதற்குப் பிறகு இந்த நாய்களைக் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். நல்ல பெட்டைகள் அப்படிக் கூடிவிடவில்லை. ஒரு பெட்டை வருடத்தில் ஒன்று அல்லது இரண்டு முறைதான் பருவத்துக்கு வரும். சினைக்காலம் 63 நாள் வாக்கில். அதற்குப் பிறகு எட்டு வாரம் தாயோடு இருந்தால்தான் குட்டியைப் பிரித்துக் கொடுக்க முடியும். ஒழுங்காக வளர்ப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் "இப்போது குட்டி இல்லை, காத்திருங்கள்" என்றுதான் பதில் வரும். எந்த மாதம் கேட்டாலும் "45 நாள் குட்டி, எல்லா நிறமும் ரெடி" என்பவர் வளர்ப்பவர் அல்ல, பல இடத்துக் குட்டிகளைத் திரட்டி விற்பவர். அல்லது அவரிடம் குட்டியே இருக்காது.

குட்டியே இல்லாத ஏமாற்று நடக்கும் விதம் இது. வேறு யாரோ எடுத்த வீடியோவை அனுப்புவார். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்" என்று அவசரப்படுத்தி யுபிஐ-யில் சிறு தொகை அட்வான்ஸ் வாங்குவார். அடுத்து வண்டி வாடகை, கூண்டுக்குப் பணம், திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். முதலில் கொடுத்தது போய்விடக் கூடாதே என்ற பயத்தில்தான் பலரும் அடுத்ததையும் கொடுக்கிறார்கள். இதைத் தடுக்க எளிய வழி, உடனே வீடியோ அழைப்பில் வரச் சொல்வது. தாய் படுத்திருக்க, அதே குட்டி பால் குடிக்கும்படி விட்டு, குட்டியைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். குட்டி போட்ட பெட்டையின் மடிக்காம்பு கனத்துத் தொங்கும். பால் வற்றிய பின்பும் சில வாரம் தெரியும். "அம்மா பண்ணையில் இருக்கிறது", "தாய் கடிக்கும், கிட்டப் போக முடியாது" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீடியோவில் சரியாக இருந்தாலும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் பணம்.

தாயை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், ஆறு வாரக் குட்டியின் முகத்தை வைத்து இந்த நாய்களை அடையாளம் காண்பது பழகியவருக்கும் கடினம். நீண்ட தலை, ஆழ்ந்த மார்பு, மேலே ஏறிய வயிறு எல்லாம் மாதங்கள் போகப்போகத்தான் தெரியும். கருப்பு உடம்பு, புருவத்தில் இரண்டு பொட்டு, காலில் செம்பழுப்பு இருந்தால் கன்னி என்று நம்பிவிடுகிறார்கள். அதே நிறம் நாட்டு நாயிலும் வரும், டாபர்மேன் கிராஸிலும் வரும். தாயிடம் பார்க்க வேண்டியது உடற்கட்டு: ஒடுங்கிய நீண்ட முகம், ஒட்டிய மெல்லிய தோல், படிந்த குட்டை மயிர், சாட்டை போல மெலிந்து இறங்கும் வால். வால் முதுகின் மேல் சுருண்டு கிடந்தால் நாட்டு ரத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

"இது தனிக் கன்னி லைன் (வம்சம்), அதனால் விலை இரட்டிப்பு" என்ற பேச்சும் கவனிக்க வேண்டியது. சாத்தூர், கோவில்பட்டி கரிசல் பக்கம் வளர்ப்பவர்களில் பலர் கன்னியையும் சிப்பிப்பாறையையும் ஒரே ரத்தமாகத்தான் பார்க்கிறார்கள். ஒரே ஈத்தில் கருப்புக்கன்னியும் செவலையும் சந்தன நிறமும் விழுவது உண்டு. நிறத்துக்கென்று கூடுதல் பணம் கேட்பவர் உங்களுக்கு விவரம் தெரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

சிப்பிப்பாறையில் அதிகம் நடப்பது கிரேஹவுண்ட் கலப்பு. சிப்பிப்பாறைக் கடுவன் (ஆண் நாய்) தோளுயரம் சுமார் 25 அங்குலம், பெட்டை அதைவிடக் குறைவு. "30 அங்குலம் போகும்" என்று பெருமையாகச் சொன்னால், அந்த உயரம் கிரேஹவுண்டுடையது. கரிசல் வெயிலுக்கும் முள்ளுக்கும் கல்லுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கழித்து எடுத்த நாய் இது. ஓட்டத்துக்காகவும் உயரத்துக்காகவும் ரத்தத்தைக் கலந்துவிட்டு அதே பெயரில் விற்பது வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை, இனத்தையே அழிக்கிறது. இதைச் செய்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை. முயல் பிடிக்கும் வீடியோவைக் காட்டி "சுத்தமான வேட்டை லைன்" என்று சொல்வதும் ஆதாரம் ஆகாது. காட்டுமுயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த வீடியோவைப் பகிர்ந்து நீங்களும் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ராஜபாளையத்தில் வேறு ஆபத்து, காது. வெண்மைக்குக் காரணமான நிறமிக் குறைபாடு உள்காதையும் பாதிக்கும். அங்கே நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துவிடும், பிறகு மருந்தே கிடையாது. விற்பவர் குட்டிகளைக் கூட்டமாக விட்டு விசில் அடித்துக் காட்டுவார். கேட்கும் குட்டி ஓடினால் கேட்காததும் பின்னாலேயே ஓடும். ஆகவே வாங்கப்போகும் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது அல்லது தூங்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் மிதிக்கக் கூடாது, அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். பக்கத்தில் கைதட்டினால் காற்று படும். இடம் மாறி மாறிச் செய்யுங்கள்; எங்கிருந்து சத்தம் வந்தாலும் ஒரே பக்கமே திரும்பித் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கிறது என்று சந்தேகப்படலாம். நீலக்கண் குட்டியில் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். "வளர வளரக் கேட்கும்" என்பது பொய்.

வயதிலும் ஏமாற்று உண்டு. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது; வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நடப்பதோ, 30, 35 நாளில் பிரித்து "60 நாள்" என்று கொடுப்பது. வாயைத் திறந்து பாருங்கள். ஐந்து வாரத்தில் முன்பற்களும் கோரைப்பற்களும் வந்திருக்கும், பின்னால் உள்ளவை முளைவிட்டுக்கொண்டிருக்கும். எட்டு வாரத்தில் பாற்பற்கள் 28-ம் ஏறக்குறைய முடிந்திருக்கும். மறுபக்கம், விற்காமல் தேங்கிய குட்டியை "இரண்டு மாதம்" என்பார்கள். நடு முன்பல் விழுந்து பெரிய பல் வந்துகொண்டிருந்தால் மூன்று மாதம் தாண்டிவிட்டது.

உயிரை வாங்கும் ஏமாற்று தடுப்பூசி அட்டை. வாங்கிய அன்று குட்டி துள்ளி விளையாடும். மூன்றாவது நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் சோறு தண்ணீர் விடும், வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்து அறிகுறி காட்ட அத்தனை நாள் ஆகும் என்பதால், விற்றவர் "உங்கள் வீட்டில்தான் வந்தது" என்று கைகழுவிவிடுவார். பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் போட்டு விற்பவரிடம் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அட்டையில் பேனாவால் தேதி எழுதியிருப்பது போதாது. ஊசிமருந்துக் குப்பியிலிருந்து உரித்த, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதன் மேல் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில்; அதன்பின் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். "எல்லா ஊசியும் முடிந்தது" என்று இரண்டு மாதக் குட்டிக்குச் சொன்னால் அது நடக்கவே முடியாத விஷயம்.

"சிப்பிப்பாறை என்றால் ஒல்லியாகத்தான் இருக்கும்" என்று சொல்லி நோஞ்சான் குட்டியைத் தள்ளிவிடுவதும் உண்டு. வளர்ந்த நாயில் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு. குட்டிக்கு அது பொருந்தாது. முதுகெலும்பு துருத்தி, வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழு. ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழு அல்லது உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தைக் குடித்திருக்கிறது. அழகான நிறத்துக்காக அதை எடுக்காதீர்கள்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. கிராமத்து நல்ல லைன்கள் பலவற்றுக்குப் பதிவே கிடையாது, அது குற்றமல்ல. "கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் உண்டு" என்று அதற்கும் சேர்த்து விலை வாங்கிவிட்டு "பிறகு தபாலில் வரும்" என்பதுதான் ஏமாற்று. குட்டியின் தோலுக்கடியில் வைத்த, அடையாள எண் உள்ள மைக்ரோசிப்பை உங்கள் முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லி, அந்த 15 இலக்க எண் காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உரிமை மாற்றக் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். வளர்ந்த நாய் வாங்கினாலும் சிப் பார்க்க வேண்டும், திருட்டு நாயாக இருக்கலாம்.

ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், அவரிடம் கெஞ்சிக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அவர் கணக்கைவிட்டு வெளியேறும் முன் புகார் பதிவானால்தான் முடக்க வாய்ப்பு. யுபிஐ பரிவர்த்தனை எண், தொலைபேசி எண், உரையாடல், வீடியோ எதையும் அழிக்க வேண்டாம். கிராஸ் குட்டி, நோயுற்ற குட்டி என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. குட்டி வாங்கிய அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி எடை, வெப்பநிலை, ஈறு நிறம் எழுதி வாங்கியிருந்தால் அந்தச் சீட்டுதான் பலமான சாட்சி. இறந்துவிட்டால் புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள்.

பார்வோவில் குட்டி போன வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டி கொண்டுவர வேண்டாம். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்குச் சாகாது. சிமெண்ட் தரை, தட்டு, கூண்டு எல்லாவற்றையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் முற்றத்தை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே அடுத்து வருவது 16 வார ஊசி முடித்த நாயாகத்தான் இருக்க வேண்டும்.