தரைக்கடி கேபிளை மாற்றக் கொடுத்தால் குழியை மூட விடாதீர்கள்: 3,200 வெள்ளி போய்விட்டது

நேற்று மாலைதான் மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். இன்னும் கோபம் ஆறவில்லை. சிங்கப்பூரில் செராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு தரைவீடு. வீட்டு டிபி பெட்டியிலிருந்து (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்கட்டுத் தனி அறைக்கு 35 மீட்டர் தூரம். அங்கே ஏர்கான், வாட்டர் ஹீட்டர், ஓவன் மூன்றும் வந்துவிட்டதால் பழைய 4 ஸ்குவேர் (சதுர மில்லிமீட்டர்) கேபிளை மாற்ற வேண்டியதாயிற்று.

கணக்கு இதுதான். 4 ஸ்குவேர் கேபிளில் ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு சுமார் 12 மில்லிவோல்ட் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கும். 32 ஆம்பியர், 35 மீட்டர் என்றால் 13.4 வோல்ட். சிங்கப்பூரின் மின்வேலைத் தரநிலையான எஸ்எஸ் 638 அனுமதிப்பது 230 வோல்ட்டில் 4 விழுக்காடு, அதாவது 9.2 வோல்ட். 10 ஸ்குவேர் போட்டால் 5.3 வோல்ட்தான் இறங்கும். அதனால் 10 ஸ்குவேர், மூன்று கோர் (உள்கம்பி), ஆர்மர்ட் (உலோகக் கவசம் சுற்றிய) கேபிள் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினோம். 600 மில்லிமீட்டர் ஆழம், மேலும் கீழும் மணல், எச்சரிக்கை டேப், இரு முனையிலும் பித்தளை கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூட்டு). எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி மூலம்தான் ஆள் வந்தார்.

நம்பியது ஒரே இடத்தில். "அண்ணே, மழை இருட்டிக்கிட்டு வருது, குழிய மூடிடவா?" என்று கேட்டார். டிபி பெட்டிக்குள் புதுக் கேபிள் பளபளவென்று வந்து நின்றது. கிளாண்டு இறுக்கமாக இருந்தது, உறையில் 10 ஸ்குவேர் என்று அச்சிட்டிருந்தது. பின் அறையிலும் அப்படியே. சரி என்று சொல்லி, பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றத்தில் 3,200 வெள்ளியையும் அங்கேயே அனுப்பியாயிற்று.

மூன்று வாரத்தில் விளக்கு மங்கத் தொடங்கியது. 26 ஆம்பியர் ஓடும்போது டிபியில் 232 வோல்ட், அறையில் 220. 10 ஸ்குவேரில் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இறங்க வேண்டும், இங்கே 12 போகிறது! அடுத்த பெருமழையில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தது, மறுநாள் மதியம் வரை தூக்கிவிட்டாலும் நிற்கவே இல்லை.

போன் செய்தால் "மண்ணு காஞ்சா சரியாயிடும்ணே." இரண்டாவது முறை "உங்க ஏர்கான் பழசு." மூன்றாவது முறை எடுக்கவில்லை. செயலிக்காரர்களோ, வேலை முடிந்து 7 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும், தாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே என்று ஒரே பதிலை மூன்று முறை ஒட்டி அனுப்பினார்கள்.

மின்சாரத்தை நிறுத்தி, இரு முனையையும் கழற்றி, 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர் (கேபிளில் கசிவு பார்க்கும் கருவி) வைத்தோம். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகோம் இருக்க வேண்டும். காட்டியது 0.04. டிபி எர்த்துக்கும் அறை எர்த்துக்கும் தொடர்பே இல்லை.

தோண்டினால் ஒரு சாண் ஆழத்திலேயே கேபிள். மணலும் இல்லை, டேப்பும் இல்லை. சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு உருண்டை. அறுத்ததும் தண்ணீர் ஒழுகியது, செம்பு பச்சை பூத்திருந்தது. ஒரு பக்கம் பழுப்பு, நீலம்; மறுபக்கம் சிவப்பு, கறுப்பு. சிங்கப்பூரில் வயர் நிறம் 2009-ல் மாறிவிட்டது; சிவப்பு, கறுப்பு அதற்கு முந்தைய நிறம். உள்ளே கிடந்தது அதே பழைய கேபிள்! இரு முனையிலும் இரண்டு இரண்டு மீட்டர் புதுசு, நடுவில் 31 மீட்டர் பழசு. பழையதில் இரண்டே கோர், ஆர்மர்தான் எர்த். அந்த ஆர்மரை வெட்டி அப்படியே விட்டிருக்கிறார்கள். புதுக் கேபிளின் பச்சை-மஞ்சள் எர்த் கோரை மடித்து டேப்புக்குள் திணித்திருக்கிறார்கள். எர்த் இல்லாத வாட்டர் ஹீட்டரில் ஐந்து வாரம் ஒரு குடும்பம் குளித்திருக்கிறது. 3,200 வெள்ளி ஒரு பக்கம், இதை எப்படி மன்னிப்பது?

வேலை செய்தவருக்குப் படத்தை அனுப்பியதற்கு வந்த பதில்: "நீங்களே தோண்டிட்டீங்க, வாரன்டி போச்சு."

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில. உரிமம் பெற்ற மின்சார ஊழியரா என்று எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், உரிம அட்டையின் படத்தைக் காட்டினால் நம்பாதீர்கள். குழி திறந்திருக்கும்போது முழு நீளத்தையும் நடந்து பார்த்துப் படம் எடுங்கள். இன்சுலேஷன், எர்த் அளவுகளை எழுத்தில் வாங்காமல் கடைசித் தொகையைக் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை எடுத்துக்கொள்வார்கள். நாங்களும் 3,200 வெள்ளிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. பெரும்பாலான ஆர்மர்ட் கேபிள் உறையில் மீட்டருக்கு ஒரு எண் அச்சாகியிருக்கும். இரு முனையிலும் படித்துக் கழித்துப் பாருங்கள், கேபிளின் நீளம் வர வேண்டும். எங்களுடையதில் டிபி பக்கம் 112, அறைப் பக்கம் 115. பணம் அனுப்பும் முன் பார்த்திருக்க வேண்டிய எண் அது.